மலைக்கு எந்த போலரைசர்? வானத்தை விடுங்கள், பாறையைப் பாருங்கள்

லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரின் விளம்பரங்களில் எப்போதும் ஒரே ஜோடிப் படம்தான். இடப்பக்கம் வெளிறிய வானம், வலப்பக்கம் கருநீல வானம், நடுவில் ஒரு கோடு. அதை நம்பி வாங்கி மலையேறுகிறவர் முதல் நாளே குழம்பிப்போவார். உயரத்தில் வானம் ஏற்கெனவே வேண்டிய அளவு நீலமாகத்தான் இருக்கும். அங்கே ஃபில்டரை முழுக்கத் திருப்பினால் வானம் மை கொட்டியதுபோல் கறுத்து, பனிச்சிகரம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். மலையில் இந்தக் கண்ணாடிக்கு உண்மையான வேலை ஈரப் பாறையிலும், இலையிலும், ஓடைத் தண்ணீரிலும், தூரத்து மலைமடிப்புகளை மூடும் மங்கலிலும்தான். எதை வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் அங்கிருந்தே தொடங்குகிறது.

கடைகளில் கிடைப்பது மூன்று அமைப்பு: லென்ஸ் மரையில் திருகும் வட்ட ஃபில்டர், காந்த வளையத்தில் ஒட்டும் வட்ட ஃபில்டர், சதுர ஃபில்டர்களுக்கான ஹோல்டரில் பொருத்தும் போலரைசர். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மலைக்குப் பெரும்பாலோருக்குப் பொருத்தமானது பித்தளை வளையமும், விளிம்பு அடைக்கப்பட்ட கண்ணாடியும், கையுறையோடு பிடித்துத் திருப்பத்தக்க வரிவெட்டும் உள்ள திருகு வகை. அதிலும் ஒளியை அதிகம் விழுங்காத 'ஹை டிரான்ஸ்மிஷன்' ரகம் கிடைத்தால் அதுவே மேல். கடைக்காரர் 'இதுதான் இருப்பதிலேயே வலுவானது' என்று நீட்டும் ரகத்துக்குக் கூடுதலாகச் செலவிட மலையில் காரணமே இல்லை.

இனி ஏன் என்று பார்ப்போம். ஈரமான பாறைமேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கிறது. அது வானத்தின் வெண்மையைக் கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கிறது. பாறையின் சொந்த நிறம் அந்த வெண்மைக்கு அடியில் புதைந்துபோகிறது. இலையின் மெழுகுப் பூச்சும் இதையேதான் செய்கிறது. இப்படித் தெறிக்கும் ஒளியில் பெரும்பகுதி ஒரே தளத்தில் அதிர்வது. போலரைசர் அந்தத் தளத்தை மட்டும் அடைத்துவிட்டு மற்றதை விடுகிறது. பாறையில் பாசியின் பச்சையும் இரும்புக் கறையின் செம்மையும் மேலே வருகின்றன; காட்டின் பச்சையில் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது போய்விடுகிறது. எடிட்டிங் மென்பொருளில் சாச்சுரேஷனைக் கூட்டுவது இதற்கு மாற்றாகாது. பளபளப்பு மூடிய இடத்தில் நிறமே பதிவாகியிருக்காது, இல்லாததைக் கூட்ட முடியாது.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெயில் இல்லை என்றதும் பலரும் போலரைசரைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். மேகம் மூடிய, தூறல் நின்ற நேரம்தான் அதற்கு அறுவடைக் காலம். நீல வானம் இல்லாததால் வானத்தில் மாற்றம் இருக்காது. ஆனால் வெள்ளை வானம் முழுவதும் ஒவ்வொரு இலையிலும் கல்லிலும் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள், காடு துடைத்து வைத்ததுபோல் மாறும். இலைகள் பல கோணத்தில் இருப்பதால் எல்லாப் பளபளப்பும் போகாது. போகவும் கூடாது, முழுக்கப் போனால் ஈரம் இருந்த அடையாளமே இல்லாமல் படம் உலர்ந்துவிடும்.

தண்ணீரில் கணக்கு இன்னும் துல்லியமானது. நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது போலரைசர் பிரதிபலிப்பை முழுக்க அறுக்கும். செங்குத்திலிருந்து அளந்தால் இது 53 பாகை. டேவிட் பிரூஸ்டர் 1815இல் வகுத்த விதியிலிருந்து வரும் எண் இது. கேமரா தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தச் சாய்வு உங்கள் முன்னால் சுமார் 2 மீட்டர் தூரத்தில் விழும். அந்த இடத்தில் அடியிலுள்ள கூழாங்கற்கள் தெளிவாகத் தெரியும். டிரைபாடை அரை மீட்டருக்கு இறக்கினால் அந்தத் தெளிவுப் பட்டை முக்கால் மீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு வந்துவிடும். தொலைவில் தண்ணீரை மிகத் தாழ்ந்த கோணத்தில் பார்ப்பதால் பிரதிபலிப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதனால் ஒரே படத்தில் முன்னால் ஏரியின் அடித்தளமும் பின்னால் சிகரத்தின் பிரதிபலிப்பும் கிடைக்கும். இதற்கு ஃபில்டரைவிட டிரைபாடின் உயரமே முக்கியம். மலையின் பிரதிபலிப்பே படத்தின் பொருள் என்றால் வளையத்தை இன்னும் கால் சுற்றுத் திருப்பிவிடுங்கள், அல்லது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்.

தூரத்து மடிப்புகள்மேல் தெரியும் நீலப் புகைமூட்டம் காற்றின் மூலக்கூறுகளும் மிகச் சிறிய துகள்களும் சிதறடித்த ஒளி. சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது போலரைசர் அதில் கணிசமான பகுதியை வெட்டும். ஐந்தாவது ஆறாவது மடிப்பு வரை விளிம்பு தெரியும். டெலி லென்ஸில் இதன் பலன் மிக நன்றாகத் தெரியும். ஆனால் மூடுபனிக்கும் மேகத்துக்கும் இது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அவற்றின் நீர்த்துளிகள் பெரியவை. ஒளி அவற்றுக்குள் பலமுறை சிதறி, தளம் கலைந்து வெளியே வருகிறது.

வானம் ஏன் பாழாகிறது

வானத்தில் போலரைசரின் விளைவு சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பட்டையில் உச்சமாகவும், சூரியனை நோக்கியும் அதற்கு நேர் எதிரிலும் பூஜ்யமாகவும் இருக்கும். ஆள்காட்டி விரலைச் சூரியனுக்கு நீட்டிக் கட்டைவிரலைச் செங்குத்தாக வைத்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் வரையும் வட்டம்தான் அந்தப் பட்டை. இதுவரை எல்லா வழிகாட்டிகளிலும் உண்டு. அதிகம் பேசப்படாதது, அந்தப் பட்டை சூரியனின் உயரத்தோடு சாய்கிறது என்பது. காலையிலும் மாலையிலும் சூரியன் அடிவானத்தில் இருக்க, பட்டை ஒரு வளைவுபோலத் தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். அப்போது அகலக் கோண லென்ஸில் அது படத்தின் நடுவே செங்குத்தான கறையாகப் பதியும். சூரியன் உச்சியை நெருங்கும்போது அதே பட்டை படுத்து அடிவானத்தை ஒட்டி ஓடும். கறை பரவிச் சமமாகும். படத்துக்கு உகந்தது என்று நாம் தேடிப்போகும் பொன்னிற நேரம்தான் இந்த ஃபில்டருக்கு மிகச் சிக்கலான நேரம்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16 மி.மீ. லென்ஸ் கிடைமட்டத்தில் சுமார் 97 பாகையை அள்ளுகிறது. அதாவது விளைவு உச்சமான இடமும் பூஜ்யமான இடமும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடலாம். 24 மி.மீ.இல் 74 பாகை, அங்கேயும் கறை தெரியும். 35 மி.மீ.இல் 54 பாகை, அங்கிருந்து நிம்மதி. அகல லென்ஸில் போலரைசர் கூடவே கூடாது என்பதில்லை. வானம் மேகமாக இருந்தால், அல்லது சட்டத்தில் வானம் கால்வாசிக்கும் குறைவாக இருந்தால், தாராளமாகப் போடலாம். பல படங்களை ஒட்டி உருவாக்கும் பனோரமாவுக்கு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் வானம் வெவ்வேறு அடர்த்தியில் இருக்க, ஒட்டிய பின் அலை அலையாகத் தெரியும். சரிசெய்ய மாலை முழுக்கப் போகும்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. 5500 மீட்டர் அளவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. தலைக்கு மேலே காற்று குறைந்தால் ஒளி பலமுறை சிதறுவதும் குறையும், வானம் இன்னும் கருநீலமாகவும் இன்னும் வலுவாகத் தளப்பட்டும் (ஒளி ஒரே தளத்தில் அதிர்வதாகவும்) இருக்கும். 3000 மீட்டருக்கு மேலே, சூரியனுக்குப் பக்கவாட்டு வானத்தில், முழு விளைவில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வலுவான ஃபில்டருக்குப் பணம் கொட்டுவதில் பொருளில்லை என்று சொன்னது இதனால்தான்: கொடுத்த வலுவில் பாதியை நீங்களே திருப்பிக் குறைக்கப் போகிறீர்கள்.

ஒளி எவ்வளவு போகும்

சாதாரண சி.பி.எல். (சர்குலர் போலரைசர்) ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் விழுங்கும்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. ஹை டிரான்ஸ்மிஷன் ரகங்கள் ஒன்று, ஒன்றேகால் ஸ்டாப்போடு நிற்கும். பதிலுக்கு உச்ச விளைவில் கொஞ்சம் குறையும். டிரைபாட் இல்லாமல் நடந்துகொண்டே எடுக்கிறவருக்கு இந்த அரை, முக்கால் ஸ்டாப் வித்தியாசம் பெரிய விஷயம். 1/125 நொடி இரண்டு ஸ்டாப் இறங்கினால் 1/30. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது கை ஆடாமல் 1/30இல் எடுப்பது எல்லோராலும் ஆகாது. அருவிக்கு மட்டும் இந்த இழப்பே லாபம். 1/15 நொடி 1/4 ஆகிவிடும், தண்ணீர் இழையாகும், பக்கத்துப் பாறையின் பளபளப்பும் போகும். ஒளியைக் குறைக்க மட்டும் போடும் தனி என்.டி. ஃபில்டர் வேண்டியிருக்காது.

லீனியர், சர்குலர் குழப்பத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சர்குலர் என்பது வட்ட வடிவத்தைக் குறிப்பதல்ல. தளப்படுத்தும் படலத்துக்குப் பின்னால் ஒளியின் அதிர்வை வட்டமாகச் சுழலவைக்கும் கால் அலைத் தகடு ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்; அது இல்லாதது லீனியர். எஸ்.எல்.ஆர். கேமராக்களின் உள்கண்ணாடி வழியே ஒளியளவும் ஆட்டோஃபோகஸும் பிழையாமல் இருக்க அது தேவை. மிரர்லெஸ் கேமராவில் பழைய லீனியர் ஃபில்டரும் பெரும்பாலும் வேலை செய்யும். புதிதாக வாங்குவதானால் சர்குலரே வாங்குங்கள்.

வளையமும் மரையும்

மலையில் ஃபில்டரோடு மல்லுக்கட்டுவது கண்ணாடியால் அல்ல, வளையத்தால். அலுமினிய வளையம் அலுமினிய லென்ஸ் மரையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். குளிரில் விரல் மரத்திருக்கும்போது அது கழலவே கழலாது. பித்தளை வளையம் இப்படி அரிதாகவே சிக்கும். எடை கூடுதல், விலையும் கூடுதல். இருந்தும் கொடுக்கலாம். சிக்கிவிட்டால் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துத் திருகாதீர்கள். அழுத்த அழுத்த வளையம் முட்டை வடிவாகி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பட்டையைச் சுற்றி மாட்டி, உள்ளங்கை முழுவதாலும் லேசாகப் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். ஃபில்டர் ரெஞ்ச் இரண்டு துண்டும் சேர்ந்தே சில கிராம்தான், பைக்குள் கிடக்கட்டும்.

'ஸ்லிம்' வளையம் 16 மி.மீ. போன்ற லென்ஸில் மூலை இருட்டைத் தவிர்க்கும். ஆனால் மிக மெல்லிய சிலவற்றில் முன்மரை இருக்காது, லென்ஸ் மூடி நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். பிடிக்கவும் இடமில்லை. அகல லென்ஸ் இல்லாதவர்கள் சாதாரண தடிமனே வாங்கலாம். அகல லென்ஸ் உள்ளவர்கள் முன்மரை உள்ள ஸ்லிம்மைத் தேடி எடுங்கள். எதுவானாலும் போலரைசர் போடும்முன் யு.வி. ஃபில்டரைக் கழற்றுங்கள். இரண்டையும் அடுக்கினால் மூலை இருளும், எதிர்வெயிலில் ஒளிப்பொட்டுகளும் வரும்.

வெவ்வேறு விட்டமுள்ள லென்ஸ்கள் இருந்தால் பெரியதற்கு ஒரு நல்ல ஃபில்டர் வாங்கி, மற்றவற்றுக்கு, சிறிய மரையில் பெரிய ஃபில்டரைப் பொருத்தும் ஸ்டெப்-அப் வளையம் போடுவது சிக்கனம். 82 மி.மீ. ஒன்றும், 77இலிருந்து 82க்கும் 67இலிருந்து 82க்கும் இரண்டு வளையங்களும் போதும். இழப்பது லென்ஸ் ஹூட். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது தொப்பியைப் பிடித்தாவது நிழல் கொடுக்க வேண்டியிருக்கும்.

திருப்பும் திசையும் கவனிக்க வேண்டியது. ஃபில்டரை முன்னிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் திருகினால் இறுகும். கேமராவுக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்கு அது எதிர்க்கடிகாரத் திசை. எப்போதும் அந்தப் பக்கமே சுழற்றுங்கள். மாற்றிச் சுழற்றும் பழக்கம் இருந்தால் ஒருநாள் மொத்த ஃபில்டரும் கழன்று பள்ளத்தாக்கை நோக்கிக் கிளம்பும்.

காந்த வகை வேகத்தில் அசத்துகிறது. போட ஒரு நொடி, எடுக்க ஒரு நொடி, மரை சிக்கும் பேச்சே இல்லை. ஒளி மாறிக்கொண்டே இருக்கும் மலையில் இந்த வேகத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் எல்லா மாடலிலும் போலரைசர் சுழலும் விதம் ஒன்றல்ல. தனிச் சுழல் வளையம் இருப்பவை நல்லது. ஃபில்டர் முழுவதும் காந்தத்தின்மேலேயே வழுக்கிச் சுழல்பவை தூசி புகுந்தால் நறநறக்கும், திருப்பிவிட்ட இடத்தில் நிற்காது. இன்னொன்று, மலைக்காற்றும் பைப்பட்டையும். பக்கவாட்டில் ஒரு தட்டுப் பட்டால் காந்தம் விட்டுவிடலாம். டிரைபாடில் நின்று எடுப்பவருக்குச் சரி. கேமராவைத் தோளில் தொங்கவிட்டு ஏறுகிறவருக்குப் பரிந்துரைக்க மனமில்லை.

சதுர ஹோல்டர் அமைப்பு, வானத்தை மட்டும் மங்கவைக்க மேல்பாதி கறுத்த கிராஜுவேட்டட் என்.டி. ஃபில்டரைத் தினமும் பயன்படுத்துகிறவருக்கு மட்டும். நிசி வி7 போன்ற ஹோல்டரில் வட்ட சி.பி.எல். பின்பக்கம் அடாப்டரில் அமர்கிறது, வெளியே உள்ள சிறு சக்கரத்தால் சுழற்றலாம். கையுறையோடும் இது சுகம், சதுரக் கண்ணாடிகளும் ஆடாது. லீ 100 மி.மீ. அமைப்பில் 105 மி.மீ. போலரைசரை ஹோல்டரின் முன்னால் மாட்டும் வழியும் உண்டு. கண்ணாடி பெரியது, காற்றடித்தால் டிரைபாட் அதை உணரும். இரண்டிலுமே ஒரு பொறி இருக்கிறது: போலரைசர் ஏற்கெனவே கறுப்பாக்கிய வானத்தின்மேல் கிராஜுவேட்டட் ஃபில்டரும் சேர்ந்தால் மேல்மூலை இருண்டே போகும். முதலில் போலரைசரைச் சரிசெய்து, பிறகு வானம் இன்னும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து, அதற்கேற்ற கிராஜுவேட்டட் ஃபில்டரைப் போடுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

எல்.சி.டி. மானிட்டரில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஃபில்டரின் முன்பக்கம் திரையைப் பார்க்கும்படி பிடித்துச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் திரை இருண்டுபோகும். நல்ல படலம் என்றால் ஏறக்குறையக் கறுப்பு. ஊதாவோ நீலமோ கசிந்தால் படலம் சுமார். பிறகு கண்ணாடி முன் நின்று, மரையுள்ள பக்கத்தைக் கண்ணாடிக்குக் காட்டி ஃபில்டர் வழியே அதே ஃபில்டரின் பிம்பத்தைப் பாருங்கள். சர்குலர் என்றால் பிம்பம் இருண்டிருக்கும். புரட்டிப் பிடித்தால் தெளியும். இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது லீனியர்.

நிறச்சாய்வைக் காண வெள்ளைத் தாளை மேகமூட்டத்தின் ஒளியில் வைத்து, வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் பூட்டி, ஃபில்டரோடும் இல்லாமலும் ஒவ்வொரு படம். மலிவான பலவற்றில் மஞ்சளோ பச்சையோ ஏறும். மஞ்சளை எடிட்டிங்கில் இழுத்துவிடலாம், ஆனால் பனியின் நிழலில் பச்சை தங்கினால் அதைப் பிரித்தெடுப்பது தலைவலி. கடைசியாக, கையிலுள்ள நீண்ட லென்ஸில், 200 மி.மீ.க்குக் குறையாமல், டிரைபாடில் வைத்துத் தூரத்துக் கட்டடத்தையோ மரத்தையோ ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து நூறு சதவீதத்தில் ஒப்பிடுங்கள். கண்ணாடி சமதளமாக இல்லாவிட்டால் அகல லென்ஸில் தெரியாத மங்கல் இங்கே காட்டிக்கொடுக்கும். தூரத்து மடிப்புகளுக்காக வாங்குகிறவர் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

களத்தில்

முதலில் ஃபில்டர் இல்லாமல் காட்சியை அமைத்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். உச்சத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையே 90 பாகைதான், அரைச்சுற்றில் மீண்டும் அதே நிலை வரும். உச்சத்தைக் கண்டதும் அதே திசையில் கொஞ்சம் தாண்டி விளைவைக் குறையுங்கள். வளையத்தில் குறி இல்லாவிட்டால் ஈரத் தரையின் பளபளப்பு மறையும் நிலையில் நேர் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ளலாம். இருட்டு விலகும்முன் வேலை செய்கையில் அது உதவும்.

கேமராவைக் கிடைமட்டத்திலிருந்து செங்குத்துக்குத் திருப்பினால் ஃபில்டரும் 90 பாகை திரும்பிவிடுகிறது, விளைவு உச்சத்திலிருந்து பூஜ்யத்துக்குப் போய்விடும். மறுபடி சுழற்ற மறப்பது அனுபவசாலிகளும் செய்யும் பிழை. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பின்திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டே பாருங்கள். ஓடும் வண்டியின் பக்கக் கண்ணாடி வழியே எடுப்பதானால் ஃபில்டர் வேண்டாம். பதப்படுத்திய கண்ணாடியின் புள்ளிகளும் வானவில் திட்டுகளும் படமெங்கும் வரும்.

பனிவெளியில் ஒளியளவை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுவது எப்போதும் உள்ள விதி, போலரைசர் போட்டாலும் மாறாது. கேமரா லென்ஸ் வழியே அளப்பதால் ஃபில்டரின் இழப்பை அதுவே சேர்த்துக்கொள்ளும். மேனுவலில் இருந்தால் மட்டும் நீங்கள் சேர்க்க வேண்டும். வானவில் வந்தால் கவனம். அதன் ஒளியே வலுவாகத் தளப்பட்டது, தவறான நிலையில் வில்லே காணாமல் போகும். அகலச் சட்டத்தில் ஒரு முனை ஒளிரும்போது இன்னொரு முனை மங்கலாம். இரவு வானத்துக்குக் கழற்றிவிடுங்கள்.

ஃபில்டரின் ஆயுள் விளிம்பில் இருக்கிறது. நடுவிலுள்ள படலத்துக்குள் ஈரம் நுழைந்தால் ஓரம் பழுப்பேறி, கண்ணாடிகள் பிரிந்து வரும். விளிம்பு அடைக்கப்பட்டவை, பி பிளஸ் டபிள்யூ (B+W) நிறுவனத்தின் கேசமான் (Käsemann) வகை போன்றவை, மழைக்கும் பனிக்கும் நீண்டநாள் தாங்குவது இதனால்தான். துடைக்கும்போது முதலில் ஊதி மணலை அகற்றுங்கள். திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடிமேல் நேரே தெளித்தால் அது விளிம்புக்குத்தான் ஓடும். வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்முன் பையை மூடிவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள், பனித்துளி பைமேல் படியட்டும். கூடாரத்தில் ஈரமாகவே டப்பாவில் மூடி வைத்த ஃபில்டரை மறுநாள் மரை சுற்றி நன்றாக உலர்த்திய பிறகே லென்ஸில் திருகுங்கள்.